பெட்டிக்கு எடுத்து வைத்த கோட்டு

சபை மூப்பரிடம் நான்கு கோட்டுகள் இருந்தன. மூன்று இந்த உலகத்துக்கு, ஒன்று அடுத்த உலகத்துக்கு. இந்த உலகத்துக் கோட்டுகள் மூன்றும் கதவுக்குப் பின்னால் ஒரே ஆணியில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கின. அடுத்த உலகத்துக் கோட்டுக்கு மட்டும் அலமாரியில் ஒரு பக்கம் முழுசாக ஒதுக்கியிருந்தது. தூய வெள்ளை. அதற்குத் தோதாக வெள்ளைக் கால்சட்டை. தூசி படாமல் இருக்க மேலே ஓர் உறை, அந்த உறையில் தூசி படாமல் இருக்க அதற்கும் மேலே ஒரு பழைய படுக்கை விரிப்பு.

அந்தப் பக்கத்தில் ஒருகாலத்தில் அவர் மனைவி மூப்பரம்மாவின் துணிகள் இருந்தன. பதினோரு வருஷத்துக்கு முன் அவை கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டிக்குக் குடிபோயின. நித்தியம் வந்தால் அநித்தியம் ஒதுங்கிக்கொள்வதுதானே முறை.

நித்தியம் என்பது மூப்பருக்கே சபையில் வைத்திருந்த பெயர். அவர் இல்லாத இடத்தில் மட்டும் புழங்கும் பெயர். வேலையில் இருந்தபோது அவர் குடிநீர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். குழாய் இணைப்புக்கு மனுப் போட்டவர்கள் அவர் மேஜைக்கு முன்னால் நின்றே நித்தியம் எவ்வளவு நீளம் என்று தெரிந்துகொண்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு சபையில் யார் செத்தாலும் அடக்கத்தில் பேசுவது அவர்தான். புதிதாக வந்த போதகர் இளவயசுக்காரர். முதல் அடக்கத்தில் தானே பேசப் பார்த்தார். மூப்பர் நடுவில் எழுந்து, "தம்பி கொஞ்சம் உக்காரட்டும்" என்று சொல்லிவிட்டார். போதகர் அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

மூப்பர் நன்றாகத்தான் பேசுவார். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். "இந்த உடம்பு என்ன உடம்பு? வாடகை வீடு! காலி பண்ணச் சொன்னா பண்ணிட்டுப் போக வேண்டியதுதான்!" என்று தாழ்ந்த குரலில் ஆரம்பிப்பார். படிப்படியாக ஏற்றுவார். சவப்பெட்டியின் மூடியைத் தூக்கும்போது குரல் உச்சத்துக்குப் போயிருக்கும். மூடி இறங்கி, ஆணி அடித்து முடியும்வரை கூரை அதிரப் பேசுவார். சுத்தியல் சத்தம்கூடக் கேட்காது. கடைசி ஆணி இறங்கியதும் சட்டென்று நிறுத்தி, கைக்குட்டையால் முகம் துடைப்பார். அழுதுகொண்டிருந்தவர்கள்கூட அந்த இடத்தில் ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திவிட்டு அவரைத்தான் பார்ப்பார்கள்.

வருஷத்துக்கு ஒருநாள், பிறந்தநாள் காலையில், டீ குடிக்கும் முன்னால், மூப்பர் அந்த வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்ப்பார். கண்ணாடி முன் நின்று, நெஞ்சின்மேல் கைகளைக் கோத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"வயித்துப் பக்கம்?"

"படுத்தா சரியாயிடும்."

கண்ணை மூடிக்கொண்டால் கண்ணாடி எதற்கு என்று மூப்பரம்மா கேட்டதில்லை. பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னால் கோட்டை லாண்டரிக்கு எடுத்துப்போவது அவள் வேலை. பதினோரு வருஷமாக அப்படித்தான்.

*

இந்த வருஷம் அவள் போன புதன்கிழமை மழை விடாமல் ஒன்பதாவது நாளாகப் பெய்துகொண்டிருந்தது. மழைக்காலம் லாண்டரிக்குப் பகை. பின்கட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய கொடிகளில் சபையின் முதியோர் இல்லத்துப் போர்வைகள் நான்கு நாளாகக் காயாமல் தொங்கின. ஈரமும் சவுக்காரமும் துணிக்குப் போடும் நீலமும் கலந்த வாடை வாசல்வரை வந்தது. வழக்கமாக மூன்று இஸ்திரிப் பெட்டிகளும் சூடாக இருக்கும் நேரம் அது. அன்று மூன்றும் மேஜைமேல் குளிர்ந்துபோய் நிமிர்ந்து நின்றன.

லாண்டரிக்காரி மூப்பரம்மாவைக் கண்டதும் எப்போதும்போல கவுண்டருக்கு உள்பக்கம் இருந்த முக்காலியை இழுத்துப் போட்டாள். வாடிக்கைக்காரர்களில் அந்த முக்காலி மூப்பரம்மா ஒருத்திக்குத்தான். டீயும் அப்படித்தான். அன்று டீயைக் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: "வண்டிக்காரர் போயிட்டாருக்கா."

"எந்த வண்டிக்காரர்?"

"நம்ம வண்டிக்காரர்தான். நேத்து சாயங்காலம். இல்லத்துக்குப் போர்வை கொண்டு போறவரு, மேட்டுல வண்டியத் தள்ளிட்டுப் போயிருக்காரு. நெஞ்ச பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டாராம். உக்காரும்போதும் சக்கரத்துக்குக் கல்லு வச்சுட்டுதான் உக்காந்திருக்காரு. வண்டி ஓடல, மனுஷன் ஓடிட்டாரு."

பின்கட்டில் வண்டிக்காரரின் மனைவி நின்றுகொண்டிருந்தாள். போர்வை மடிப்பதுதான் அவளுக்கு இங்கே வேலை. எல்லாரும் மடிப்புக்காரி என்பார்கள். புருஷன் செத்த மறுநாள் காலையில் அவள் அங்கே நிற்பதைப் பார்த்து மூப்பரம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவள் அழவில்லை. கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவருக்கு வெள்ளையா ஒண்ணு போட்டு அனுப்பணும்னு நினைக்கிறேன்க்கா," என்றாள். "வீட்ல தேடினேன். காக்கி ரெண்டு இருக்கு, ஸ்வெட்டர் ஒண்ணு இருக்கு. இருபது வருஷமா ஊர் வெள்ளைய எல்லாம் தள்ளிட்டுப் போனாரு. தனக்குன்னு ஒரு வெள்ளை வாங்கிக்கல."

லாண்டரிக்காரி மெதுவாகச் சொன்னாள்: "இது எல்லாம் வாடிக்கைத் துணிடி. நான் என்ன பண்ணுவேன்? ஒரு கைக்குட்டைகூட நம்மது இல்லையே."

மடிப்புக்காரி தலையாட்டினாள். அவளுக்கா தெரியாது. ஆனாலும் பார்வையைக் கொடியிலிருந்து எடுக்கவில்லை.

மூப்பரம்மாவின் மடியில் அந்த உறை இருந்தது.

அடுத்து நடந்ததை அவள் பிறகு பல தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இரக்கம் இருந்தது, அது பொய்யில்லை. கூடவே வேறொன்றும் இருந்தது. பதினோரு வருஷமாக, உப்பு டப்பா எடுக்கிற மாதிரி சாதாரணமாக அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், தலையில்லாத மூப்பர் ஒருத்தர் உள்ளே தொங்கிக்கொண்டிருப்பார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு துழாவுவாள். அதை வீட்டை விட்டு அனுப்ப ஒரு வழி கிடைக்காதா என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறாள். ஆக, வாயைத் திறந்தது இரக்கம்தானா, அலமாரிதானா என்று அவளால் சத்தியம் பண்ண முடியாது.

"இத எடுத்துக்கோ," என்றாள்.

லாண்டரிக்காரி பதறினாள். "அக்கா, இது ஐயாவோடது. ஐயாவோட அது."

"வீட்ல நான் சொல்லிக்கிறேன். ரெண்டு நாள்ல சொல்லிடறேன்."

மடிப்புக்காரி உறையைத் திறந்து, விரல் படாமல் பார்த்தாள். அப்போதுதான் அழுதாள்.

வண்டிக்காரர் ஒல்லி. மூப்பரின் கோட்டு அவருக்கு ரெண்டு ஆள் புகுகிற மாதிரி இருந்தது. லாண்டரிக்காரி கோட்டின் பைகளைத் துழாவிக் காலி பண்ணினாள். எந்தத் துணி வந்தாலும் முதல் வேலை அது, கை தானாகப் போகும். பிறகு பின்பக்கத்தை இழுத்து மடித்து ஆறு ஊக்குகள் குத்தினாள். முன்பக்கம் அளவெடுத்துத் தைத்தது மாதிரி நின்றது.

"பின்னாடி யாரும் பாக்கப்போறதில்ல," என்றாள்.

*

மறுநாள் அடக்கத்தில் மூப்பர் பேசினார். பெட்டிக்கு அந்தப் பக்கம், ஒரு முழத் தூரத்தில், தன்னுடைய கோட்டுக்கு முன்னால் நின்றுகொண்டு பேசினார்.

"பாருங்கள் இந்தச் சகோதரனை!" என்று கோட்டின் மார்புமடிப்பைச் சுட்டினார். "வாழ்ந்தபோது காக்கி. இன்றைக்கு வெள்ளை! உலகம் கொடுக்காத உடையைக் கர்த்தர் கொடுத்தார்!"

மூன்றாவது பெஞ்சில் இருந்த மூப்பரம்மாவுக்குக் காது அடைத்துப்போயிற்று. மூடி தூக்கினார்கள். மூப்பரின் குரல் கூரைக்குப் போயிற்று.

கல்லறைத் தோட்டத்தில் மடிப்புக்காரி மூப்பர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நீங்க செஞ்சத சாகறவரைக்கும் மறக்கமாட்டேன்."

"நான் என்னம்மா செஞ்சேன்? வாய் என்னுது, வார்த்தை கர்த்தரோடது," என்றார் மூப்பர். தன் பேச்சைத்தான் சொல்கிறாள் என்று அவருக்கு நினைப்பு. அவருக்கு எப்போதும் அந்த நினைப்புதான்.

குடைக்குள் நடந்து வீடு திரும்பும்போது சொன்னார்: "ஏழைங்கதான், ஆனா எவ்வளவு நேர்த்தியா உடுத்தி அனுப்பியிருக்காங்க பாத்தியா? கோட்டுகூட கிட்டத்தட்ட நம்ம கோட்டு மாதிரியே இருந்துச்சு."

இதுதான் சமயம் என்று மூப்பரம்மா வாயைத் திறந்தாள்.

"ஆனா துணி மட்டம்," என்றார் மூப்பர். "நம்ம தரம் இல்ல."

மூப்பரம்மா வாயை மூடிக்கொண்டாள்.

*

பிறந்தநாள் அடுத்த புதன்கிழமை. காலையில் அலமாரியைத் திறந்தவர் வெறும் ஹேங்கரைப் பார்த்தார்.

"லாண்டரியிலருந்து இன்னும் வரல," என்றாள் மூப்பரம்மா. அது பொய் இல்லை. அதனாலேயே பொய்யைவிட மோசமாக இருந்தது.

மூப்பர் டீ குடிக்காமல் கிளம்பினார். அவள் குடையைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினாள். லாண்டரி கவுண்டரில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அதுவும் மூப்பருக்கு வசதியாகப் போயிற்று. கேட்க ஆள் இருந்தால் அவருக்குப் பேச்சு ஊறும்.

"எங்கே என் கோட்டு?"

லாண்டரிக்காரி மூப்பரைப் பார்க்கவில்லை. அவர் தோளுக்குப் பின்னால் மூப்பரம்மாவைப் பார்த்தாள். ஒரு மூச்சு நேரம்தான். மூப்பரம்மா குடை முனையிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள்.

"காணோம் ஐயா," என்றாள் லாண்டரிக்காரி. "என் கவனக்குறைவுதான். வேற தச்சுக் குடுத்துடறேன்."

"வேறயா? கர்த்தர் சந்நிதியில நான் வேற கோட்டுல போய் நிக்கணுமா? அது என்ன சாதாரணக் கோட்டுன்னு நினைச்சியா? அது காணாமப் போகல. யாரோ எடுத்திருக்காங்க. எடுத்தது யாருன்னு உனக்குத் தெரியும்!"

"தெரியாது ஐயா."

"இருபது வருஷமா சபைத் துணிய உன்கிட்ட நம்பிக் குடுத்தோம். களவாணிக்கு!"

நின்றிருந்தவர்களில் ஒருத்தர் தன் சட்டைகளை மறுபடி எண்ணிப் பார்த்தார். லாண்டரிக்காரி இஸ்திரிப் பெட்டியை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்து முடித்த சட்டை அது.

வரும் வழியெல்லாம் மூப்பரம்மா நினைத்துக்கொண்டே வந்தாள்: இந்த மூலை திரும்பினதும் சொல்லிடலாம், அந்தக் கடை தாண்டினதும் சொல்லிடலாம். வழியில் மூலைக்கும் குறைவில்லை, கடைக்கும் குறைவில்லை. வீடுதான் சீக்கிரம் வந்துவிட்டது.

மூப்பர் சும்மா இருக்கவில்லை. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூட ஏற்பாடு பண்ணினார். பாடகர் குழு அங்கிகள், திருவிருந்து மேஜை விரிப்புகள், முதியோர் இல்லத்துப் போர்வைகள் எல்லாவற்றையும் வேறு லாண்டரிக்கு மாற்றுவது என்று தீர்மானம் போடுவதாக இருந்தது. லாண்டரிக்காரிக்கு வாராவாரம் வருகிற துணியில் பாதிக்கு மேல் அதுதான். போர்வை போனால் மடிப்பதற்கு ஒன்றும் இருக்காது. முதலில் வீட்டுக்குப் போகப்போவது மடிப்புக்காரி.

*

சனிக்கிழமை மத்தியானம் மூப்பர் தூங்கும் நேரம் பார்த்து மூப்பரம்மா லாண்டரிக்குப் போனாள். முக்காலி இருந்த இடத்திலேயே இருந்தது. உட்காரத் தைரியம் வராமல் நின்றாள்.

"ரெண்டு நாள்னு சொன்னீங்க," என்றாள் லாண்டரிக்காரி. அங்கி ஒன்றின் கைமடிப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "இன்னிக்குப் பதினோராவது நாள்."

"சொல்லணும்னுதான் தினமும் எந்திரிக்கிறேன்."

"எந்திரிச்சு?"

"அவர் வாயத் திறந்தா என் வாய் மூடிக்குது. நாப்பத்தி ரெண்டு வருஷப் பழக்கம்."

"எனக்கு இருபது வருஷப் பழக்கம் ஒண்ணு உண்டுக்கா. என் கடையில துணி தொலையாது." இஸ்திரிப் பெட்டியை ஓங்கி வைத்தாள். "தொலைஞ்சிருந்தா தொலைஞ்சுதுன்னு தலை குனிஞ்சிருப்பேன். தொலையாததுக்குக் குனியறதுதான் கழுத்து வலிக்குது. நேத்து ஒரு அம்மா வந்து, துணிக்குச் சீட்டு போட்டாச்சான்னு மூணு தடவ கேட்டுட்டுப் போறாங்க."

"நீ ஏன் அன்னிக்கே உண்மையச் சொல்லல?"

லாண்டரிக்காரி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க நின்னுட்டு இருந்தீங்களே. நீங்க சொல்லுவீங்கன்னு நினைச்சேன்."

மூப்பரம்மாவுக்குக் காதுமடல் எரிந்தது. உள்ளேயிருந்து மடிப்புக்காரி வந்தாள். அன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். மூப்பரம்மாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அக்கா! ஐயா எப்படி இருக்காரு? பாவம், மனசு நொந்து போயிருப்பாரு. அவரோட இன்னொரு கோட்டு இங்க தொலைஞ்சுபோச்சாமே?"

"இன்னொரு..."

"ஒண்ண எங்காளுக்குக் குடுத்தாரு, இன்னொண்ணு இப்படி ஆயிடுச்சு. நல்லவங்களுக்குத்தான் சோதனை. அது கிடைக்கணும்னு தினம் ரெண்டு வேளை ஜெபம் பண்றேன்க்கா."

லாண்டரிக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

மடிப்புக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ஒரு சந்தேகம்க்கா. ஐயாகிட்டக் கேட்டா சிரிப்பாரு. எங்காளு அந்த நாள்ல எந்திரிக்கும்போது... பின்னாடி ஆறு ஊக்கு குத்தினோம்ல? குத்துமா?"

 மூப்பரம்மா நாற்பத்தி ரெண்டு வருஷம் உயிர்த்தெழுதலைப் பற்றிக் கேட்டவள்தான். அதில் முதுகு வந்ததேயில்லை.

"குத்தாதுடி," என்றாள் லாண்டரிக்காரி திரும்பாமல். "எழுப்புறவருக்கு ஊக்கு கழட்டத் தெரியாதா?"

"அதானே," என்று மடிப்புக்காரி நிம்மதியாக உள்ளே போனாள்.

லாண்டரிக்காரி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய கடித உறையை எடுத்து நீட்டினாள். "கோட்டோட உள் பாக்கெட்ல இருந்துச்சு. பாக்கெட்ல இருக்கறத நான் படிக்கறதில்ல. உறை ஒட்டாம இருந்துச்சு, காகிதம் விரிஞ்சு வந்துச்சு, கண்ணுல பட்டுடுச்சு. யாருக்கும் காட்டல. உங்ககிட்டக் குடுக்கறதுதான் முறை."

வாசல் ஓரம் நின்று மூப்பரம்மா படித்தாள். மூப்பரின் கையெழுத்து. அலுவலகக் கடிதம் மாதிரி எண் போட்டு எழுதியிருந்தது.

*1. மூடுவதற்கு முன் மூக்கருகே கண்ணாடி வைத்துப் பார்க்கவும். இரண்டு பேர் பார்க்கவும்.*

*2. ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கவும். அவசரம் வேண்டாம்.*

*3. உள்ளே சத்தம் கேட்டால் மரம் என்று சொல்ல வேண்டாம். திறந்து பார்க்கவும்.*

*4. தயவுசெய்து.*

நாலாவது எண்ணுக்குப் பின்னால் வேறு ஒன்றுமில்லை.

அவள் தெருவில் மழையில் நின்றாள். இந்தத் துண்டுக் காகிதத்தைக் கவுண்டரில் உரக்கப் படித்திருந்தால் நித்தியம் அன்றைக்கே முடிந்திருக்கும். களவாணி என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு, அதை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, தேய்த்த சட்டையையே தேய்த்திருக்கிறாள் ஒருத்தி.

*

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி அறையில் ஈரமான பாட்டுப் புஸ்தகங்களின் வாடை. போதகர், பொருளாளர், ரெண்டாம் மூப்பர், இன்னும் மூன்று பேர். லாண்டரிக்காரி கதவோரம் நின்றாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. மூப்பரம்மா கமிட்டியில் இல்லை. டீத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தவள் போகாமல் நின்றாள்.

மூப்பர் எழுந்தார். "இது கோட்டு விஷயம் இல்லை, கோட்பாட்டு விஷயம். அழிந்துபோகிற துணிக்காக நான் பேசவில்லை. துணி என்ன துணி! அந்துப்பூச்சிக்கு ஆகாரம்! ஆனால் உண்மை என்று ஒன்று இருக்கிறதே..."

"நான்தான் குடுத்தேன்," என்றாள் மூப்பரம்மா.

டீத் தட்டை மேஜைமேல் வைத்தாள். மூப்பர் பேச்சின் நடுவில் குறுக்கே வந்த ஈயைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"என்னத்த?"

"உங்க கோட்ட. அவங்க தொலைக்கல. நான் சொல்லித்தான் குடுத்தாங்க. நான் சொல்லாததாலதான் பேச்சு வாங்கினாங்க."

"யாருக்குக் குடுத்த?"

"நீங்க அடக்கம் பண்ணினீங்களே, வண்டிக்காரரு. அவருக்கு."

பொருளாளருக்கு இருமல் வந்தது. இருமல் மாதிரி ஒன்று வந்தது. போதகர் சுவரிலிருந்த நாள்காட்டியில் அடுத்த மாதத்தைப் புரட்டிப் பார்த்தார். ரெண்டாம் மூப்பர் எதையும் நேராக எடுத்துக்கொள்கிறவர். யோசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப கோட்டு வேணும்னா... தோண்டணுமா?"

"நம்ம தரம் இல்லன்னு சொன்னீங்களே," என்றாள் மூப்பரம்மா. குத்திக்காட்ட நினைத்துச் சொல்லவில்லை. வந்துவிட்டது. "அதுதான்."

மூப்பரின் முகத்தில் கோபம் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். வரவில்லை. ரத்தம்தான் இறங்கியது. அவர் மனைவியை விட்டுவிட்டு லாண்டரிக்காரியைப் பார்த்தார். கை தானாகப் போட்டிருந்த கோட்டின் நெஞ்சுக்குப் போயிற்று.

"உள் பாக்கெட்ல..." என்றார். குரல் எழும்பவில்லை. "எதாவது..."

லாண்டரிக்காரி எல்லார் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பழி தீர்க்க இதைவிட நல்ல நேரம் யாருக்கும் அமையாது.

"காலியா இருந்துச்சு ஐயா," என்றாள்.

காலியாக இல்லை என்று மூப்பருக்குத் தெரியும். அவள் பொய் சொல்கிறாள் என்றும், யாருக்காகச் சொல்கிறாள் என்றும் தெரிந்தது. அவர் நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தார்.

"மன்னிப்பு..." என்று ஆரம்பித்தார். "மன்னிப்பு என்பது என்ன? அது..." அவருக்கே தன் குரல் கேட்டிருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார். பிறகு பேச்சுத்தமிழில், சின்னக் குரலில் சொன்னார்: "தப்பு பண்ணிட்டேம்மா."

 "போர்வை கொடியில இருக்கு," என்று லாண்டரிக்காரி போதகரிடம் சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

வழக்கப்படி மூப்பர் ஜெபித்து முடிக்க வேண்டும். எல்லாரும் தலை குனிந்தார்கள்.  மூப்பர் "ஆமென்" என்று மட்டும் சொன்னார். சபை வரலாற்றிலேயே அவர் பண்ணின மிகச் சிறிய ஜெபம் அதுதான் என்று பொருளாளர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

*

வீட்டில் ரொட்டியும் சூப்பும் மேஜையில் ஆறின. மூப்பரம்மா உறையை அவர் தட்டுக்கு அருகில் வைத்தாள்.

"படிச்சியா?"

"படிச்சேன்."

அவர் உறையைத் தொடவில்லை. சூப்பின்மேல் கட்டிய ஆடையைக் கரண்டியால் ஓரமாகத் தள்ளிக்கொண்டே பேசினார்.

"எங்கப்பாவ மூடும்போது எனக்கு எட்டு வயசு. மூடி போட்டு முதல் ஆணி அடிச்சாங்க. உள்ள ஒரு சத்தம் கேட்டுச்சு. டொக்குனு. எல்லாருக்கும் கேட்டுச்சு. மரம் விரியுதுன்னாரு எங்க சித்தப்பா. ஈர மரம், அப்படித்தான் சத்தம் போடும்னாரு. மிச்ச ஆணியையும் அடிச்சுட்டாங்க."

"மரமாத்தான் இருக்கும்ங்க."

"மரந்தான். எனக்கும் தெரியும். அறுபத்தி ரெண்டு வருஷமா தெரியும்."

மூப்பரம்மாவுக்கு அப்போதுதான் பிடிபட்டது. "அதனாலதான் மூடி போடற நேரத்துல..."

"எவ்வளவு சத்தமா பேசினாலும் கொஞ்சம் கேக்குது," என்றார் மூப்பர்.

அந்தக் கூரை அதிரும் குரலைக் கேட்டு இத்தனை வருஷமாக அவள் உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். பெஞ்சில் பக்கத்து வீட்டுக்காரியின் தொடையைக் கிள்ளிச் சிரித்தும் இருக்கிறாள். இன்றைக்கு அவர் வெட்கப்பட்டதைவிடத் தான் பட வேண்டியது அதிகம் என்று தோன்றியது.

"அப்போ நம்பிக்கை..." என்று கேட்கத் தொடங்கி நிறுத்தினாள்.

"இருக்கு. மேடைக்காகச் சொல்லல. கர்த்தர் எழுப்புவாருன்னு நம்பறேன். அது வெளிப் பாக்கெட்ல இருக்கு, எல்லாருக்கும் எடுத்துக் காட்டறேன். இது உள் பாக்கெட்ல இருக்கு. ரெண்டும் ஒரே கோட்டுதான்."

அவள் எழுந்துபோய்த் தகரப்பெட்டியைத் திறந்து, கைக்கண்ணாடியை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள்.

"நான் இருந்தா இதை வச்சுப் பாக்கறேன். வேற யாரையும் நம்ப மாட்டேன். ஒரு நாள் என்ன, மூணு நாள் காத்திருக்கேன். மூணாம் நாள் வரைக்கும் காத்திருந்தவங்க வீண் போகல."

மூப்பர் கண்ணாடியைப் பார்த்தார். "ஒரு நாள் போதும்," என்றார். "மூணு நாள்னா ஊர் சிரிக்கும்." பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ முந்திட்டா?"

"அப்ப நீங்க பாருங்க. பேசாம பாருங்க."

மூப்பர் சூப்பை எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருந்தது. கடைசிவரை குடித்தார்.

*

வியாழக்கிழமை மழை விட்டது. லாண்டரி வாசலில் போர்வைகளை வெயிலுக்கு இழுத்துக் கட்டியிருந்தார்கள். மூப்பர் துணி மூட்டையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். வரிசையில் நின்றார். யாரோ, "ஐயா, முன்னாடி வாங்க" என்றபோதும் போகவில்லை.

கூட வந்த மூப்பரம்மா கவுண்டருக்கு உள்ளே எட்டிப் பார்த்தாள். முக்காலி அங்கேயேதான் இருந்தது. அதன்மேல் ஒரு துணிமூட்டை இருந்தது.

லாண்டரிக்காரி மூப்பரின் கறுப்புக் கோட்டை விரித்தாள். எல்லா வாடிக்கைக்காரர்களிடமும் பேசுகிற குரலில் கேட்டாள்: "கஞ்சி போடணுமா?"

"கோட்டுக்கு வேணாம்மா," என்றார் மூப்பர்.

"பாக்கெட்டப் பாத்துட்டுக் குடுங்க."

மூப்பர் வெளிப்பைகளைக் காலி பண்ணினார். சீப்பு, கைக்குட்டை, இருமல் மிட்டாய், உடைந்த பென்சில். ஒவ்வொன்றாகக் கவுண்டரில் வரிசை வைத்தார்.

"உள் பாக்கெட்டும்," என்றாள் லாண்டரிக்காரி, சீட்டு எழுதுகிற தலையை நிமிர்த்தாமல்.

மூப்பர் நின்றார். ஞாயிறு மாலையே அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டதாக அவர் மனைவியிடம் சொல்லியிருந்தார். கையை உள்ளே விட்டார். வெளியே எடுத்தபோது நாலாக மடித்த காகிதம் கையில் இருந்தது. பின்னால் வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். அவர் காது இரண்டும் சிவந்துபோயின.

"தேவையானதுன்னா பத்திரமா வச்சுக்குங்க," என்றாள் அவள். "தண்ணியில கரைஞ்சுடும்."

மூப்பர் காகிதத்தை மனைவியிடம் கொடுத்தார். அவள் அதைக் கைப்பையில், கைக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். லாண்டரிக்காரி சீட்டைக் கிழித்துக் கோட்டில் ஒன்று குத்தி, இன்னொன்றை நீட்டினாள்.

"அடுத்த வியாழன்."

உள்ளே மடிப்புக்காரி ஒரு போர்வையின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடினாள். மூப்பரம்மா கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பிடித்தாள். லாண்டரிக்காரி வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்க என்றும் சொல்லவில்லை. அன்றைக்கு எழுபது போர்வைகள் இருந்தன. முக்காலியில் இருந்த மூட்டையை யாரும் எடுக்கவில்லை. மூப்பரம்மா நின்றுகொண்டே மடித்தாள்.